ஒரு நாளும் தவறாத முப்பத்து நாலாம் அறை

மணி இரண்டு பத்து. ஐந்து மணிக்குள் ஒரு காலிக் கட்டிலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கொலை இல்லை, கொள்ளை இல்லை, ஒரு மிரட்டல் கடிதம்கூட இல்லை. கட்டில். எங்கள் துப்பறியும் நிலையத்தின் நிலைமை இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை முகத்தில் காட்டினால் அத்தை குடை நுனியால் விலாவில் ஒரு குத்து விடுவாள். எனவே வருத்தத்தை மென்று முழுங்கிவிட்டு, பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் பார்வையாளர் வராந்தாவில் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கான கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். ஒரு குடையைக் கையில் கொடுத்தால் போதும், உடையவரின் வயது, கோபம், எந்தக் கையில் பிடிப்பார் என்பது வரை சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் நிலையத்தை ஆரம்பித்தாள். வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை உதவியாளன் ஆக்கினாள். வீட்டில் என்னை வாலு என்பார்கள். இருபத்தொன்பது வயதாகியும் அலுவலகத்திலும் அதே பெயர்தான்.

வராந்தாவில் ஏழு பெண்கள் ஏழு மெத்தைச் சுருள்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன்.

"எல்லாரும் வெயிட்டிங் லிஸ்ட் சார்" என்றாள் எங்கள் கட்சிக்காரி. "கட்டில் காலியாச்சுன்னா ஃபோன் வரும். வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மெத்தையோட வந்து நிக்கணும். இல்லன்னா அடுத்த நம்பருக்குப் போயிடும். அதான் கிளாஸுக்கே மெத்தையோட போறோம்."

அவள்தான் பட்டியலில் முதல் எண். முதலாமாண்டு மாணவி. மெத்தைச் சுருள்மேல் உட்கார்ந்து, வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மெத்தையும் சேர்ந்து ஆடியது. வீட்டிலிருந்து இங்கே வர இரண்டரை மணி நேரம், திரும்பிப் போக இரண்டரை மணி நேரம். எட்டு மணி ஆய்வக வகுப்புக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு முறை கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு லேப் விட்டுட்டா பரீட்சை எழுத விட மாட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணியோட இந்த லிஸ்ட் ரத்து. அப்புறம் அடுத்த வருஷம்தான். ரூம் கிடைச்சா படி, இல்லன்னா வீட்டோட இருன்னு அப்பா சொல்லிட்டார். அவரைச் சொல்லியும் குத்தமில்ல. நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் அவர் பஸ் ஸ்டாப்புலயே நிக்கிறார்."

"அந்தக் காகிதத்தைக் கொடும்மா" என்றாள் அத்தை.

காலையில் மெத்தையைக் கட்டிய கயிற்றில் செருகியிருந்த காகிதம் அது. பெரிய பெரிய எழுத்தில் மூன்றே வரி. 'விடுதியில் ஒரு கட்டில் மாதக் கணக்கில் காலியாக இருக்கிறது. ஆள் இருப்பதுபோலக் கையெழுத்து விழுகிறது. ஐந்து மணிக்குள் கண்டுபிடியுங்கள்.' பின்பக்கம் பாதி கறுத்துப்போன ஏதோ பாட நோட்டின் பிரதி.

அத்தை ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூளையை ஓட்டுவதற்கு அவளுக்கு வேறு எரிபொருள் தேவையில்லை.

வார்டன் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. காகிதத்தைப் பார்த்ததும் வார்டன் சிரித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு கட்டில். இருநூத்திப் பன்னெண்டு பேர். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்து. காலியா ஒன்னு இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அந்த ரெஜிஸ்டரை ஒரு தடவை பார்க்கலாமா?"

"வெளியாளுக்குக் காட்டக் கூடாது."

"ரூம்களைச் சுத்திப் பார்க்கலாமா?"

"ரெண்டு நாள் முன்னாடி எழுத்து மூலமா கேக்கணும். மனுவும் ரெண்டு காப்பி வேணும்."

"டேய் வாலு, மனுவை எழுதி ஒரு காப்பி எடுத்துட்டு வா."

"அத்தை, ரெண்டு நாள் கழிச்சு..."

"போடா."

போனேன். வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை. மெலிந்த ஒரு பெண் மட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பிரதி கறுப்பாக வந்தது. கசக்காமல் பக்கத்தில் ஒரு கட்டாக அடுக்கி வைத்தாள். இரண்டாவது பிரதி பரவாயில்லை. இடது ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு ஒன்று.

"கோடு இலவசமா?" என்றேன்.

"கண்ணாடியில கீறல் சார். எல்லாருக்கும் உண்டு." மனுவை ஒரு பார்வை பார்த்தாள். "அந்த ஒன்னாம் நம்பர் பொண்ணுக்கு ரூம் கிடைச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. என் அத்தை கிராம்பு மென்னுக்கிட்டு இருக்காங்க. கிடைச்சிடும்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இது புதிதல்ல என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கிறுக்கல்களைக் கடையில் இருந்த நீல வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மணி மூன்று. அத்தை வராந்தாவில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மனுவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க வா. இந்தப் பலகையில ஒரு ஆள் இல்லாம இருக்கா. யாரு சொல்லு."

மேலே புத்தம் புதிய தாள் ஒன்று. 'முதல் பருவ வருகைப் பரிசு. பருவத் தொடக்கம் முதல் முடிவு வரை மொத்த நாட்கள் 94. முதல் பரிசு அறை எண் 34, வருகை 94. இரண்டாம் பரிசு அறை எண் 12, வருகை 89. எச்சரிக்கை: அறை எண் 57, வருகை 51.'

"ஐம்பத்தேழு" என்றேன். "பாதி நாள் ஆளையே காணோம்."

"மக்கு. ஐம்பத்தேழுக்கு ஜுரம் வருது, கல்யாண வீட்டுக்குப் போறா, சினிமாவுக்குப் போய் லேட்டா வந்து திட்டு வாங்குறா. இருக்கிறவதாண்டா தவறுவா. தொண்ணூத்தி நாலு நாள்ல ஒரு நாள்கூட உடம்புக்கு வராம, வீட்டு ஞாபகம் வராம ஒருத்தி இருந்தான்னா அவ மனுஷியா, அலமாரியா?"

"சிலபேர் அப்படி ஒழுங்கா இருப்பாங்க அத்தை. நான் அவங்களைத் தூரத்துல இருந்து பார்த்திருக்கேன்."

அத்தை குடை நுனியால் அந்தத் தாளைத் தூக்கினாள். அதற்கடியில் பழுத்துப்போன பழைய சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. மூட்டைப்பூச்சி மருந்து அடிப்பதால் பதினொன்று, பன்னிரண்டு தேதிகளில் விடுதி மூடப்படும், மாணவியர் எல்லாரும் வீட்டுக்குச் சென்றுவிட வேண்டும், சாவிகள் மேட்ரனிடம் இருக்கும்.

"அதுவும் அதே பருவம்தான். விடுதி திறந்திருந்ததே தொண்ணூத்தி ரெண்டு நாள்" என்றாள் அத்தை. "இவ வந்தது தொண்ணூத்தி நாலு. அந்த ரெண்டு நாள் உள்ள இருந்தது யாரு?"

"மூட்டைப்பூச்சி."

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு பாரு."

நான் வார்டன் அறைப் பக்கம் திரும்பினேன். "வார்டன்கிட்ட சொல்லிடலாம்!"

"சொன்னா என்ன ஆகும்? விளக்கம் கேப்பாங்க, கமிட்டி போடுவாங்க. ஒரு மாசம் ஓடிடும். கட்டில் இன்னைக்கே காலியாகணும்னா ஒரே வழிதான். முப்பத்து நாலே வந்து, காலி பண்றேன்னு படிவத்துல கையெழுத்துப் போடணும். ஒரு நிமிஷ வேலை. ஆனா ஆள் வேணும்."

மெத்தையின் ஆட்டம் நின்றிருந்தது. ஒன்றாம் எண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோது எனக்குக் கேலி வரவில்லை.

மேட்ரன் மாடிப்படியின் கீழே பெட்ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, கக்கத்தில் அந்த ரெஜிஸ்டர். நடந்தால் சாவி பேசும், நின்றால் அவர் பேசுவார். எனக்குப் படிக்கு அந்தப் பக்கம் அனுமதியில்லை. இந்தப் பக்கம் நின்று காதை நீட்டினேன்.

"என்னம்மா, மருந்து அடிச்சப்போ நெடி ரொம்பவா?" என்று சாதாரணமாகக் கேட்டாள் அத்தை.

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. ரெண்டு நாள் கண்ணைத் திறக்க முடியல."

"அந்த எரிச்சல்லயும் ஏழு மணி ஆனதும் முப்பத்து நாலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பெரிய விஷயம்தான்."

சாவிக்கொத்து கீழே விழுந்தது. மேட்ரன் அதை எடுக்கக் குனிந்தவர், நிமிரவே இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கை பழகிடுச்சு" என்றார் மெதுவாக. "ஏழு அடிச்சா அந்த இடத்துல கை தானா எழுதிடும். மத்த இடமெல்லாம் காலியா இருந்ததைக்கூட நான் கவனிக்கல."

பிறகு எல்லாம் கொட்டிவிட்டார். முப்பத்து நாலு ஒற்றை அறை. மூன்றாவது மாடியில் தண்ணீர் பம்புக்குப் பக்கம் என்பதால் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பாடம் ஏறவில்லை. போன வருடக் கடைசியில் இரண்டு மாதம் அழுதாள். துறையில் பெயரை எடுத்துவிட்டார்கள், வாசலில் நுழைவு அட்டை வேலை செய்யாமல் போனது, வெளியே எங்கோ தங்கிக்கொண்டாள். துறைக்கு ஒரு பதிவேடு, விடுதிக்கு ஒரு பதிவேடு, இரண்டும் ஜென்மத்தில் சந்தித்துக்கொண்டதில்லை. எனவே விடுதிக் கணக்கில் அவள் அப்படியே இருந்தாள்.

"வீட்டுல சொல்ல பயம். ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கோங்கக்கான்னு காலைப் பிடிச்சா. ஒரு வாரம் ஒரு மாசம் ஆச்சு. வெளியேத்தினா வீட்டுக்கு லெட்டர் போயிடும். அவங்க அப்பா மாசம் பொறந்தா ஆபீஸ் ஃபோனுக்குக் கூப்பிடுவார். நான்தான் எடுப்பேன்."

"என்ன கேப்பார்?"

"நல்லா இருக்காளா, சாப்பிடுறாளான்னு. இருக்கா, சாப்பிடுறான்னு சொல்லுவேன். வச்சிடுவார்."

"படிக்கிறாளான்னு?"

மேட்ரன் யோசித்தார். "கேட்டதே இல்ல."

அத்தையின் வாயில் கிராம்பு நின்றது. ஏதோ மாட்டிவிட்டது என்று அர்த்தம். ஆனால் சொல்லவில்லை.

"இப்ப அவ எங்க?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்." மேட்ரன் எழுந்து சாவியைச் செருகிக்கொண்டார். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

மணி நான்கு ஐந்து.  இத்தனை தூரம் வந்து, கட்டிலைக் கண்டுபிடித்து, அதன் சொந்தக்காரியைத் தேட நேரமில்லாமல் போவதா? வராந்தாவில் இரண்டு பெண்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஒன்றாம் எண் மட்டும் எழுந்து நின்று, மெத்தைக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மொட்டைக் காகிதம்" என்றாள் அத்தை. "அதையும் நீ எடுத்த காப்பியையும் கொடு."

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காகிதத்தின் கறுத்த பக்கத்தில், இடது ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி, மெல்லிய கோடு. என் மனுவிலும் அதே இடத்தில் அதே கோடு. இரண்டும் ஒரே கோடாகப் பொருந்தின.

"இந்தப் பல்கலைக்கழகத்துல எல்லார்கிட்டயும் அந்தக் கோடு இருக்கு அத்தை. அந்தக் கடைப் பொண்ணே சொன்னா."

"நல்லா வந்த காப்பி எல்லார்கிட்டயும் இருக்கும். கெட்டுப்போன காப்பி?"

கறுப்பாக வந்த தாளைக் கசக்காமல் அடுக்கி வைத்த அந்தக் கை என் கண்முன் வந்தது. கெட்டுப்போன பிரதியை எந்தக் கடையிலும் வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டார்கள். அது கடையிலேயே தங்கும்.

"அவளா எழுதினது! அப்ப அவளுக்கு முப்பத்து நாலு யாருன்னு தெரிஞ்சிருக்கும்..."

அத்தை அதற்குள் பாதி தெருவைத் தாண்டியிருந்தாள்.

கடைக்குள் நுழைந்தவள் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அந்த நீல வாளியிடம் போனாள். ஒரு மணி நேரத்துக்கு முன் நான் குப்பை போட்ட அதே வாளி. குடையின் வளைந்த பிடியால் அதைத் திருப்பினாள். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில், வெள்ளைப் பெயின்டில் 34.

ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்த துப்பை நான் குப்பைத் தொட்டியாகப் பயன்படுத்தியிருக்கிறேன். இதை அத்தை என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"விடுதி வாளியை எடுத்துட்டு வந்துட்டியேம்மா" என்றாள் அத்தை. குரலில் கடுமை இல்லை.

அந்தப் பெண் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அவங்க அழுதுக்கிட்டே வந்தாங்க. வெயிட்டிங் நம்பர் ஒன்னுன்னு போட்ட காகிதம். பதினாலு காப்பி. பதினாலு தடவை அந்த ஒன்னு என் முன்னாடி வந்து விழுந்துச்சு. என் கட்டில்தான் அவங்களோடதுன்னு தெரியுது. போய்ச் சொல்ல தைரியம் வரல. யாராவது கண்டுபிடிச்சிடட்டும்னு எழுதிட்டேன்."

"கண்டுபிடிச்சாச்சு. வா, காலி பண்ற படிவத்துல கையெழுத்துப் போடு. வெளியேத்தினாதான் லெட்டர். நீயா காலி பண்ணா லெட்டர் கிடையாது."

"லெட்டர் இல்ல. ஆனா வார்டன் எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் சீல் வைப்பாங்க." அவள் ஒரு அடி பின்வாங்கினாள். "எங்க அப்பாவுக்கு நான் இங்க காப்பி போடுறது தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். என்னால முடியாது மேடம். அவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. ஆனா முடியாது."

மணி நான்கு முப்பத்தைந்து. தெருவுக்கு அந்தப் பக்கம், மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் கட்சிக்காரி வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"உங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். நானும்தான்.

"கணக்குப் படிக்க பொண்ணை அனுப்பின அப்பா, ஒரு பருவம் முழுக்க மாசா மாசம் ஃபோன் பண்றார். படிக்கிறாளான்னு ஒரு தடவைகூடக் கேக்கல. எத்தனை மார்க்னு கேக்கல. சாப்பிடுறாளான்னு மட்டும் கேக்குறார். உங்க டிபார்ட்மென்ட்ல பேரை எடுத்தா வீட்டுக்கு ஒரு கடிதம் போகாமலா இருக்கும்? ஃபோன் போடு."

அவள் ஃபோனை எடுத்தாள். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள். மூன்றாவது முறை அந்தப் பக்கம் எடுத்தார்கள். இயந்திரம் நின்றுபோயிருந்ததால் அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, நான் விடுதியில இல்லப்பா. நான் படிக்கல. ரொம்ப நாளாச்சு."



"தெரியும்மா. லெட்டர் வந்துச்சு. பீரோவுல வச்சிருக்கேன்."

"அப்பவே ஏம்ப்பா கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணுமேம்மா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." குரல் ஒரு தடவை செருமிக்கொண்டது. "சாப்பிட்டியா?"

நான் சட்டென்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். காரணம் கேட்காதீர்கள். உதவியாளர்களுக்கும் கண் உண்டு, அதில் தூசியும் விழும்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். அந்தப் பெண் முன்னால், அத்தை குடையோடு நடுவில், நான் வாளியோடு கடைசியில். நான்கு நாற்பத்தெட்டுக்குப் படிவம். ஐம்பத்து இரண்டுக்கு வார்டன் ஃபோனில் அந்த அப்பாவிடம் பேசினார். ஐம்பத்து ஆறுக்கு சீலைத் தேடினார், கிடைக்கவில்லை. தொலைந்த பொருள் கவுண்டரின் இருபத்திரண்டு வருட அனுபவம் அங்கேதான் கைகொடுத்தது. "நீங்க ஃபோன் பேசுறப்போ அதைத்தான் உருட்டிக்கிட்டே இருந்தீங்க. டைரிக்கு அடியில பாருங்க" என்றாள் அத்தை. இருந்தது. ஐம்பத்தெட்டுக்கு 'டக்' என்று விழுந்தது.

ஒன்றாம் எண் அழவில்லை, கத்தவில்லை. மெத்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியருகே நின்றாள். பழைய முப்பத்து நாலு, புது முப்பத்து நாலின் கையில் சாவியை வைத்தாள்.

"பம்ப் சத்தம் இருக்கும். முதல் ஒரு வாரம் தூக்கமே வராது."

"பஸ் என்ஜின் மேலயே தூங்கினவ நான்" என்றாள் அவள். பிறகு மெத்தையோடு சேர்த்தே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். நடுவில் மெத்தை இருந்ததால் இருவருக்கும் கை எட்டவில்லை.

மேட்ரன் மாடிப்படியில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா போய் வார்டன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் அத்தை. "நாங்க சொல்ல மாட்டோம்." மேட்ரன் தலையசைத்தார்.

ஏழே முக்காலுக்கு, நாங்கள் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. மேட்ரன்தான். அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வார்டன்கிட்ட சொல்லிட்டேன். பாதி திட்டிட்டு, தான் கையெழுத்துப் போட்ட பரிசு சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்தாங்க. மீதியை முழுங்கிட்டாங்க. நாளையில இருந்து ரெஜிஸ்டரை அவங்களே பார்த்துக்குவாங்களாம். சரி, அது போகட்டும். ஒரு சின்ன பிரச்சனை மேடம்."

"என்ன?"

"ஏழு மணிக்கு எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. முப்பத்து நாலு மட்டும் வரல. போய்ப் பார்த்தேன். மெத்தைக் கயித்தைக்கூட முழுசா அவிழ்க்கல, அதுமேலயே சாஞ்சு தூங்கிக்கிட்டு இருக்கா. பம்ப் ஓடுது, கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், அசையல. எழுப்பவா, இல்ல ஆப்சென்ட் போடவா?"

அத்தை ஒரு கிராம்பை எடுத்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்சென்ட் போடுங்க" என்றாள். "இன்னைக்குத்தான் அந்த ரூம்ல ஆள் இருக்கு."